நான்காம் மாடித் தளத்தில் இருந்த துளை

பெயர்: இசிமெலி ரோக்கோதுனி. தகப்பனார் பெயர்: வைசாலே. வயது: 34. விலாசம்: கினோயா, சுவா. தொழில்: கட்டடங்களில் குளிர்நீர்க் குழாய்களுக்கு உறை போடுவது, குழாய் போகும் துளைகளைத் தீயும் புகையும் தாண்டாதபடி அடைப்பது.

நான் மேற்கண்ட விலாசத்தில் மனைவியுடனும் இரண்டு பெண் பிள்ளைகளுடனும் குடியிருந்து வருகிறேன். சென்ற மாதம் பதினான்காம் தேதி வியாழக்கிழமை நடந்த தீ விபத்தில் இறந்துபோன காமினியேலி சோவாகி பற்றி ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் இரண்டு இடங்களில் பொய் சொன்னேன். அதைத் திருத்த, யாரும் அழைக்காமல் நானாகவே வந்திருக்கிறேன்.

காமினியேலியும் நானும் பதினொரு மாதம் ஒன்றாக வேலை பார்த்தோம். எங்கள் ஊரும் அவன் ஊரும் தௌவு. எழுதுகிற ஐயாவுக்கு இது தெரியும், ஆனாலும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். இரண்டு ஊருக்கும் ஒரே மூதாதை என்பதால் அவன் என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டலாம், என் பொருளைக் கேட்காமல் எடுக்கலாம், நான் கோபப்படக் கூடாது. எனக்கும் அதே உரிமை உண்டு. நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதில்லை, இருவருமே தௌவுதான். ஒரு முறை என் சட்டைக்குள் கண்ணாடிப் பஞ்சுத் தூளைக் கொட்டினான், மூன்று நாள் சொறிந்தேன். இன்னொரு முறை மயங்கி விழுந்ததுபோல் கிடந்தான். நான் பதறிப்போய்த் தூக்கியபோது என் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தான். இனி இவன் நடிப்பை நம்புவதில்லை என்று அன்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

சம்பவ தினத்தன்று காலை பத்து மணித் தேநீருக்கு உட்கார்ந்தபோது என் மனைவி கட்டிக்கொடுத்த மரவள்ளியும் மீனும் காணவில்லை. காமினியேலி வாயைத் துடைத்துக்கொண்டு, "ஒம் பொண்டாட்டி நல்லாத்தான் சமைக்கிறா தௌவு, ஒனக்குப் போடுறதுதான் வீண்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அதன் பிறகு அவன் மூன்றாம் மாடிக் குழாய் அறைக்குள் போனான். ஓர் ஆள் நிற்கும் அளவே உள்ள அறை அது. கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது, அதனால் ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வேலை செய்வோம். நான் நான்காம் மாடிக்குப் போகும் வழியில் அந்த மரத்துண்டைக் காலால் உதைத்துத் தள்ளினேன். கதவு சாத்திக்கொண்டது. அது தானாக நழுவியது என்று முன்பு சொன்னது முதல் பொய்.

அதன் பிறகு நான் நான்காம் மாடியில் அதற்கு நேர் மேலே உள்ள குழாய் அறைக்குப் போய், தளத்தில் குழாய்க்குப் பக்கத்தில் இரண்டு கை அகலத்துக்கு இருந்த துளையை அடைக்கும் வேலையில் உட்கார்ந்தேன். கீழே அவன் ஏணியில் ஏறித் துளை வழியாகப் பேசினான்.

"டேய் மலைக்காட்டுப் பன்னி, வந்து கதவத் தொறடா."

"ஏப்பம் விட்டு முடிச்சுட்டுக் கூப்பிடு, வர்றேன்."

கால் மணி நேரம் இப்படியே போனது. மேஸ்திரி அவினேஷ் வந்து, இரண்டு மணிக்குச் சோதனை அதிகாரி வருகிறார், இந்தத் துளை அதற்குள் முடிந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கீழே இருந்து வந்த குரல் அவருக்கும் கேட்டது. "ஒங்க கூத்து இன்னும் முடியலயா" என்றார்.

அதன் பிறகு பாறைப் பஞ்சுப் பலகையில் ஒரு துண்டைத் துளையின் அளவுக்கு வெட்டி, ஓரத்திலும் அடியிலும் தீத்தடுப்புப் பசையைப் பூசி, துளைக்குள் இறக்கினேன். அவன் கீழிருந்து தள்ளி வெளியே வர வைத்தான். நான் மறுபடி அழுத்தினேன். மறுபடி தள்ளினான். எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்போது அவன், "இசிமெலி, பொகை வருது. கதவத் தொற" என்றான்.

அவன் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவரை செய்த நடிப்பிலேயே இதுதான் நல்ல நடிப்பு என்று நினைத்தேன். "அந்த வாளியும் கையிலதான் இருக்கா" என்று கேட்டுவிட்டு, துண்டைத் தளத்தோடு சமமாக அழுத்தி, மேலே பசையை இழுத்து, கத்தியால் மட்டமாக்கினேன். அப்போது குழாயில் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. நானும் கத்திப் பிடியால் மூன்று தட்டினேன். அவன் மறுபடி மூன்று தட்டினான். நானும் தட்டினேன். எத்தனை தடவை என்று கேட்டால் ஏழோ எட்டோ. கடைசியில் நான் தட்டியதற்குப் பதில் வரவில்லை. கோபித்துக்கொண்டான் என்று நினைத்து அடுத்த குழாய்க்கு உறை போடத் தொடங்கினேன். எனக்கு எந்தப் புகை வாசமும் வரவில்லை. அடைப்பு நன்றாக இருந்ததால் வரவில்லை.

அதன் பிறகு படிக்கட்டில் ஆட்கள் கத்திக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டு நானும் இறங்கினேன். மூன்றாம் மாடியின் மறுகோடியில் பற்றவைப்பு வேலையின் பொறி ரப்பர் உறைக் கட்டுகளில் விழுந்து எரிந்தது என்று பிறகுதான் தெரிந்தது. தெருவில் அவினேஷ் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். காமினியேலி பெயருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் உள்ளே ஓடினேன், இரண்டாம் மாடியில் தீயணைப்பு வீரர்கள் பிடித்து இறக்கினார்கள். அவனைத் துளைக்கு நேர் கீழே, ஏணிமேல் சாய்ந்தபடி கண்டார்கள்.

அவனை அடக்கம் செய்த நான்காம் நாள், மன்னிப்புக் கேட்கும் முறைப்படி என் சித்தப்பாவை முன்னால் பேசவைத்து, திமிங்கிலப் பல் ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் தகப்பனார் தானியேலாவின் வீட்டுக்குப் போனேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பாயில் வைத்த பல்லை என் பக்கமே தள்ளினார். பிறகு சொன்னார்:

"அத எடுத்துட்டுப் போடா. தௌவுக்குள்ள குத்தம் ஏது? இத நான் வாங்குனா எம் மவன் ஒனக்கு அன்னியன்னு ஆயிரும். அவன் செத்தப்புறம் அவன அன்னியனாக்கச் சொல்றியா?"

அதன் பிறகு அவர் எழுந்து வாசலில் கிடந்த என் செருப்பைப் போட்டுக்கொண்டு, "மூஞ்சியப் பாரு, வேகாத கிழங்கு மாதிரி" என்று சொல்லிவிட்டு, அழுதுகொண்டே கொல்லைப்புறம் போனார். தௌவின் பொருளை எடுப்பது அவர் உரிமை. நான் வெறுங்காலோடு வீடு வந்தேன்.

எங்கள் ஊரிலும் அவன் ஊரிலும் என்மேல் குற்றம் சொல்ல ஒருவரும் இல்லை. எதிரில் வருகிறவர்கள் முன்போலவே கேலி பேசுகிறார்கள். என்னால் தாங்க முடியவில்லை. இதைக் குற்றம் என்று எழுதக்கூடிய இடம் இது ஒன்றுதான் என்பதால் இங்கே வந்தேன்.

இரண்டாவது பொய்: தீ அணைந்த மறுநாள் சோதனை அதிகாரி அந்த அடைப்பைப் பெயர்த்து எடுத்தார். ஒரு நூல் புகைகூட மேலே ஏறவில்லை, இவ்வளவு சுத்தமான வேலையைப் பார்த்ததில்லை என்றார். துண்டின் அடிப்பக்கத்துப் பசையில் ஐந்து விரல் பதிந்து காய்ந்திருந்தது. யாருடையது என்று கேட்டார். பொருத்தும்போது என் கை பட்டது என்றேன், வாக்குமூலத்திலும் அதையே சொன்னேன். நான் கையுறை இல்லாமல் பசையைத் தொடுவதில்லை. அவை வெறுங்கையின் தடங்கள், ரேகைகூடத் தெரிந்தது.

இதுவரை சொன்னதை எங்கள் மொழியில் எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, யாருடைய வற்புறுத்தலும் இல்லை. என் முதல் வாக்குமூலத்தில் "என் விரல்கள்" என்று எழுதியிருக்கும் இடத்தை அடித்துவிட்டு, "காமினியேலியின் விரல்கள்" என்று திருத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) இசிமெலி ரோக்கோதுனி