இரண்டு மில்லிமீட்டர்

எனக்கு இந்த மர நாற்காலியே போதும் ஐயா. முதுகுவலிக்காரனுக்கு மெத்தை நாற்காலி ஆகாது. பத்தொன்பது வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தேய்ந்த முதுகு.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். இதய வால்வு கெட்டுப்போனவர்களுக்குத் தொடை வழியாகக் குழாய் விட்டுப் புது வால்வு வைக்கிறார்கள். அதற்கு முன்பே, ஸ்கேன் படத்தை வைத்து அந்த இதயத்தைக் கம்ப்யூட்டரில் அப்படியே உருவாக்கி, வால்வை உள்ளே வைத்து ஓட்டிப் பார்ப்போம். வால்வு உட்காரும் வளையத்தின் விளிம்பை மட்டும் கையால்தான் குறிக்க வேண்டும். அந்த அளவை வைத்துத்தான் வால்வைத் தேர்ந்தெடுப்பார்கள். வால்வு சின்னதாக இருந்தால் ரத்தம் கசியும், பெரிதாக இருந்தால் வளையம் கிழியும். அதனால்தான் இரண்டு பேர் தனித்தனியாகக் குறிக்க வேண்டும் என்று விதி வைத்தேன். எனக்கு 'அளவுகோல்' என்று பட்டப்பெயர். அதற்கெல்லாம் நான் கோபித்துக்கொண்டதில்லை.

குட்டி மேடம் என்று எல்லாரும் கூப்பிடுவார்களே, அவள் வந்து மூன்று வருடம் ஆகிறது. வேலையில் கெட்டிக்காரி, மறுக்கவில்லை. ஆனால் நான் உள்ளே நுழைந்தால் அவளும் சர்ஜனும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். என் பழைய கோப்புகளை எனக்குத் தெரியாமல் திறந்து பார்த்திருக்கிறாள். கேட்டதற்கு, "கத்துக்கத்தான் சார்" என்றாள். யாருக்குக் காது குத்துகிறாள்? என் தப்புகளைத் தேடுகிறாள் என்று அன்றைக்கே புரிந்துகொண்டேன்.

ஒருநாள் சர்ஜன் எல்லார் முன்னாலும் சொன்னார்: "குட்டி மேடம் குறிச்சா ரெண்டாவது ஆள் எதுக்குங்க? நான் கண்ணை மூடிக்கிட்டு வெப்பேன்."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது, ஒளிப்பானேன். அன்றோடு அவள் கோப்புகளை இன்னொருவர் பார்ப்பது நின்றுபோனது.

அடுத்த வாரம் ஒரு லாரி டிரைவரின் கோப்பு வந்தது. காலையிலேயே அவள் வளையத்தை இருபத்திரண்டு மில்லிமீட்டர் என்று குறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். சரியான அளவுதான். மத்தியானம் அவள் சாப்பிடப் போனபோது, பூட்டாமல் விட்டிருந்த அவள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதை இருபத்துநான்காக்கினேன். வித்தியாசம் ஒரு தீக்குச்சியின் தடிமன்தான்.

வெளியே வந்தால் வராந்தாவில் டிரைவரின் மகள் நிற்கிறாள். "அண்ணே, அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

"கம்ப்யூட்டர்ல ஒரு தடவை ஆபரேஷன் பண்ணியே பாத்தாச்சும்மா. நீங்க போய்ச் சாப்பிடுங்க."

அவள் முகம் தெளிந்தது. பாவம், நல்ல பெண்.

சர்ஜன் கண்டுபிடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஸ்கேனை ஒரு தடவை திறந்திருந்தால் போதும், அவள் எல்லார் முன்னாலும் அசடு வழிந்திருப்பாள், விதியும் திரும்ப வந்திருக்கும். அவர் திறக்கவில்லை. கையெழுத்தைப் பார்த்தார், பெரிய வால்வை எடுத்து வைத்தார். வளையம் கிழிந்து, டிரைவர் மேசையிலேயே போய்விட்டார். இது யாருடைய அலட்சியம் என்று நீங்களே சொல்லுங்கள்.

"நான் இருபத்திரண்டுதான் சார் போட்டேன், சத்தியமா" என்று அவள் என்னிடம் வந்து அழுதாள். தண்ணீர் கொடுத்தேன். "யாருக்கும் கை தவறும்மா" என்றேன். மறுநாள் அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது எல்லாக் கோப்புகளையும் இரண்டு பேர் பார்க்கிறார்கள். எத்தனை பேர் இதனால் பிழைப்பார்கள் என்று யாரும் யோசிப்பதில்லை.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். அளவை மாற்றியது ஒன்றே கால் மணிக்கு. பதினொரு மணிக்கே என் கம்ப்யூட்டரில் அதே இதயத்தில் பெரிய வால்வை வைத்து ஏன் ஓட்டினேன் என்கிறீர்கள்.

பார்க்கத்தான் ஐயா. வளையத்தில் ஒரு மில்லிமீட்டர் கூட்டினால் வால்வின் அளவு மாறவில்லை, யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. இரண்டு கூட்டினால்தான் பெரிய வால்வு வந்தது. அதை டிரைவருடைய உண்மையான வளையத்தில் வைத்து ஓட்டினேன். கிழிந்தது. நான்கு தடவை ஓட்டினேன், நான்கு தடவையும் அதே இடத்தில் கிழிந்தது. அதற்குப் பிறகுதான் போய் இரண்டு கூட்டினேன். ஒரு மனுஷனுடைய உயிர் விஷயம் ஐயா, நிச்சயப்படுத்திக்கொள்ளாமல் செய்வேனா.