கடை ஜன்னலில் ஒரு முழங்கால்

ரமோன்சிட்டா: ...நல்லாப் பாருடா கிரெசென்சியோ. பானை விக்கிறதை விட்டுட்டு சாண்டா ஃபே கடைத்தெரு முழுக்க உன்னை இழுத்துட்டு வந்தது இதுக்குத்தான்.

கிரெசென்சியோ: பார்த்தாச்சுக்கா. மரத்துல செதுக்கி, கலர் தடவி, தாள்ல ஒத்தி எடுத்த படம். நம்ம ஊர் மக்காச்சோள ஆட்டம். போலாமா?

ரமோன்சிட்டா: இரு. ஆட்டத்தை யாரும் வரையக் கூடாதுன்னு ஊர்த் தலைவர் கண்ணுல பட்ட பென்சிலையெல்லாம் பிடுங்கி ஒடிக்கிறாரு. இந்தப் படம் செஞ்ச வெள்ளைக்காரன் மட்டும் எப்படி வரைஞ்சான்?

கிரெசென்சியோ: மனசுல வச்சிருந்து வரைஞ்சிருப்பான். அதான் இந்த லட்சணம். படத்துல ஆடுறவன் வான்கோழி நெருப்பை மிதிச்ச மாதிரி காலைத் தூக்குறான் பாரு.

ரமோன்சிட்டா: வான்கோழி முழங்கால்ல தழும்பு இருக்கே.

கிரெசென்சியோ: ...எங்க?

ரமோன்சிட்டா: பிறை மாதிரி. நீ ஏணியில இருந்து விழுந்து, ஊர்ல மூணு சுவர் விரிசல் விட்டுச்சே... அன்னைக்கு வந்த தழும்பு மாதிரியே.

கிரெசென்சியோ: என்னோடது இடது முழங்கால். இவனுக்கு வலது. இவன் வேற எவனோ.

ரமோன்சிட்டா: கிலுகிலுப்பை எந்தக் கையில இருக்கு?

கிரெசென்சியோ: ...இடது கையில.

ரமோன்சிட்டா: நம்ம ஊர்ல எவன் அதை இடது கையில பிடிச்சான்? பலகையில சரியாத்தான் செதுக்கியிருக்கான். தாள்ல ஒத்தும்போது இடம் வலமாயிடுச்சு. அவன் பார்த்து வரையறதுக்கு நீ அவன் வீட்டுல போய் நின்னிருக்கே.

கிரெசென்சியோ: ஒரே ஒரு நாள்க்கா... ஒரு மூட்டை காபிக்கொட்டைக்கு. ஒத்தைக் கால்ல நான் நின்ன நேரத்துக்குக் கொக்கே வந்து துக்கம் விசாரிச்சிருக்கும்.

ரமோன்சிட்டா: நாளைக்குத் தலைவர் இதைப் பார்க்க வர்றாரு. அப்புறம் சனிக்கிழமை திருவிழாவுல நீ ஆடின மாதிரிதான்.

கிரெசென்சியோ: இந்த வருஷம்தான் என்னை வரிசைக்கு முதல் ஆளா நிக்கச் சொல்லியிருக்காங்க. அவரு கண்ணு முழங்காலுக்கா போகப்போகுது? நீ வாயைத் திறக்காம இரு, போதும்.

ரமோன்சிட்டா: திறக்கத்தான் போறேன். ஊர் மானம்னு ஒண்ணு இருக்குல்ல.

கிரெசென்சியோ: சரி, சொல்லு. வந்ததுல இருந்து முழங்காலையே பார்க்கிறியே... பக்கத்துல ஆடுற பொம்பளையையும் பார்த்துச் சொல்லு. தலையில பலகைக் கிரீடம், வெறுங்கால், வலது காது மடல் ரெண்டாக் கிழிஞ்சு...

ரமோன்சிட்டா: எனக்குக் கிழிஞ்சது இடது காது.

கிரெசென்சியோ: கிலுகிலுப்பை எந்தக் கையில இருக்குக்கா?

ரமோன்சிட்டா: ...படுபாவி. காதைத் தலைமுடியால மறைச்சிடறேன்னு சத்தியம் பண்ணித்தானேடா அந்த வெள்ளைக்காரன் எனக்கு ஆறு டப்பா பீச் பழம் குடுத்தான்.