மைத்துனன் பிடித்த கயிறு

குற்றாலத்தைச் சுற்றி இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. எங்களுக்குத் தண்ணீர் மேலேயிருந்து வருவது. அதன் அடியில் போய் நின்றுகொள்ளத் தெரிந்தால் போதும். எனக்கும் நீச்சல் தெரியாது. அன்று ஏன் குதிக்கவில்லை என்று கேட்ட எல்லோருக்கும் நான் இதைத்தான் சொன்னேன். அது உண்மையும்கூட.

நீங்கள் கேட்டது வேறு, தாணு. போன மாதம் என் தங்கை குழல்வாய்மொழியின் பதினாறாம் நாளுக்கு ஆய்க்குடியிலிருந்து வந்திருந்தீர்கள். பந்தியிலிருந்து எழுந்து கை கழுவும்போது கேட்டீர்கள். "அண்ணாச்சி, ஒம்பது வருசம் ஆச்சு. எங்க அண்ணன் எப்படிச் செத்தாம்னு நீங்க ஒரு தடவகூட முழுசாச் சொல்லலையே." அப்போது தலையை மட்டும் ஆட்டினேன். அவள் இருந்தவரை சொல்ல முடியாத விஷயம். இப்போது சொல்வதில் யாருக்கும் கஷ்டம் இல்லை.

எங்கள் அம்மா போனபோது எனக்கு இருபத்தொன்று, குழலுக்கு ஒன்பது. அப்பா அதற்கு முன்பே இல்லை. தென்காசி வீட்டில் நாங்கள் இரண்டு பேர். நான் குற்றாலத்தில் ஒரு செட்டியார் பங்களாவுக்கு மானேஜராக இருந்தேன். சீசனுக்கு வருகிறவர்கள் என்ன பார்க்கலாம், என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். எண்ணெய் தேய்த்து முதல் நாள் பேரருவி, இரண்டாம் நாள் ஐந்தருவி, கால் வலுவுள்ளவர்களுக்குச் செண்பகாதேவி, மாலையில் சித்திரசபை, ஊருக்குத் திரும்பும்போது வாங்கிப் போக மங்குஸ்தான். இதை ஒரு தாளில் அழகாக எழுதி வைத்திருந்தேன். புதிதாக ஒரு வரி சேர்த்தால் முதலில் குழலிடம்தான் படித்துக் காட்டுவேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். "அண்ணே, அருவிக்குப் பின்னால போய் நிக்கலாம்னு எழுதலையே" என்று திருத்தமும் சொல்வாள். அவள் பார்த்த உலகம் முழுவதும் நான் காட்டியதுதான். அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அதனால்தான் நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்றாவதாக ஒருவர் வந்தால் அவளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவளுக்கு இருபத்து மூன்று வயதானபோது தெருவில் பேச ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டுப் பாலம்மாள் என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். "ஏன் தில்லைநாயகம், தங்கச்சிய உப்பு போட்டுப் பரணில வைக்கப் போறீரா?"

நிதானமாக யோசித்தேன். வந்த ஜாதகங்களில் உங்கள் அண்ணன் நாறும்பூநாதனுடையதை எடுத்தேன். தூத்துக்குடியில் ஒரு சங்கு வியாபாரியிடம் வேலை. சங்கு குளிக்கிற படகுகளோடு கடலுக்குப் போய், எடுத்ததைத் தரம் பார்த்து வாங்குவது. ஐப்பசி முதல் சித்திரை வரை கடலிலேயே கிடக்க வேண்டும், மாதத்துக்கு ஒரு தடவை தலைகாட்டினால் அதிகம். பெண் தென்காசியிலேயே இருக்கட்டும் என்று உங்கள் வீட்டார் சொன்னார்கள். எனக்குப் பத்துப் பொருத்தத்தையும்விட அந்த ஒரு பொருத்தம்தான் பெரிதாகப் பட்டது.

உங்கள் அண்ணன் நல்ல மனிதர். இதை உங்களைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. சங்கு குளிக்கிறவர்களோடு பழகிப் பழகி அவரும் முங்கக் கற்றுக்கொண்டிருந்தார். நம் ஆட்களில் இது யாரும் செய்யாத காரியம். எழுபது எண்ணுகிறவரை மூச்சை அடக்குவார்.

ஐம்பத்தெட்டாம் வருடம் மாசி மாதம் எங்கள் இருவரையும் தூத்துக்குடிக்கு வரச் சொன்னார். கடல் அசையாமல் கிடக்கிற மாதம். கரையிலிருந்து வள்ளத்தில் ஒன்றரை மணி நேரம் போனால் ஒரு தீவு. மணலும் கொஞ்சம் தாழைப் புதரும் ஓலைக் கொட்டகை ஒன்றும். குடிக்கிற தண்ணீரைக் குடத்தில் கொண்டுபோனோம். மூன்று நாள் தங்கினோம். பதினைந்து வருடமாக நான் மற்றவர்களுக்கு ஊர் காட்டியவன். முதல் தடவையாக எனக்கு ஒருவர் காட்டினார். நன்றாகவே காட்டினார்.

காலையில் தண்ணீர் வற்றியதும் பாறைமேல் நடந்து குழிகளில் நட்சத்திர மீன் பார்க்கலாம். ஆமை ஏறிப்போன தடத்தைப் பிடித்துக்கொண்டே போய் முட்டையிட்ட இடத்தைக் கண்டுபிடிக்கலாம். அடியில் கண்ணாடி பதித்த மரப்பெட்டி ஒன்று வைத்திருந்தார். வள்ளத்தின் ஓரத்தில் அதைத் தண்ணீரில் அழுத்திப் பார்த்தால் பவளப்பாறை தெரியும். ஊதாவும் மஞ்சளுமாய், அதன் நடுவே மீன்கள். குழல் அந்தப் பெட்டிக்குள் முகத்தை வைத்தவள் எடுக்கவே இல்லை. "ஏட்டி, பெட்டியோட கடலுக்குள்ள போயிராத" என்று உங்கள் அண்ணன் அவள் பின்னலைப் பிடித்துக்கொண்டார். அவள் சிரித்தாள். அவள் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"ஒங்க குத்தாலத்துத் தண்ணி தலையில குட்டும் அத்தான்" என்றார் என்னிடம். "எங்க தண்ணி தோள்ல கை போடும்."

நானும் சிரித்தேன்.

இரண்டாம் நாள் அவர் முங்கிக் காட்டினார். கனமான கல்லில் கால் வைத்து அதன் பாரத்தில் கீழே போவார், இடுப்பில் ஒரு கயிறு. வேண்டியபோது கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். படகுக்காரர் கயிற்றை என் கையில் கொடுத்தார். எனக்குப் பழக்கமில்லை என்றேன். "பொண்டாட்டி கூடப் பொறந்தவன் இருக்கையில நான் எதுக்கு?" என்றார் அவர். "எங்க வழக்கத்துல மச்சினன்தான் பிடிப்பான். தங்கச்சி தாலிய எவனும் தண்ணியில விட மாட்டாம்லா."

எங்கள் மலையில் தேன் எடுக்கிற பளியர்களும் அப்படித்தான். பாறையில் தொங்குகிறவனுடைய கயிறு மனைவியின் சகோதரன் கையில்தான் இருக்கும். கடலிலும் அதே நம்பிக்கை இருந்தது எனக்கு வியப்பாக இருந்தது. அவர் சுண்டியபோதெல்லாம் இழுத்தேன். இரண்டு நாளில் பத்துப் பன்னிரண்டு தடவை இருக்கும். மனிதன் சுண்டுவது எப்படி இருக்கும், அலை இழுப்பது எப்படி இருக்கும் என்று கை தானாகவே கற்றுக்கொண்டது.

மூன்றாம் நாள் அவளையும் இடுப்பளவு தண்ணீரில் இறக்கி மூச்சடக்கப் பழக்கினார். இருபது எண்ணி எழுந்தாள். முகத்தைக்கூடத் துடைக்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணே, உள்ள சத்தமே இல்ல."

அருவிச் சத்தத்தில் வளர்ந்த பெண். அந்த நான்கு வார்த்தையை நான் வெகுநாள் யோசித்தேன். நான் வர முடியாத ஓர் இடம் இருக்கிறது, அவள் அங்கே போய்விட்டு வந்திருக்கிறாள். வந்தவளுக்கு அது பிடித்தும் இருக்கிறது.

ஊர் திரும்பிய பிறகு அவளுக்கு வேறு பேச்சு இல்லை. வைகாசிக் கடைசியில் சாரல் விழத் தொடங்கி, பங்களாவுக்கு மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. எனக்குச் சாப்பாடு கொண்டு வந்த குழலிடம் அந்த வீட்டு அம்மாள், இங்கே என்னம்மா பார்க்கலாம் என்று கேட்டார். மேசைமேல் என் தாள் இருந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இங்கன என்ன இருக்கு? தண்ணி விழும், நின்னு பாக்கலாம். எங்க வீட்டுக்காரக இருக்க பக்கம் தண்ணிக்குள்ளயே போயிப் பாக்கலாம்" என்றாள்.

நான் அந்தத் தாளை எடுத்து மடித்து வைத்தேன். கோபம் ஒன்றும் இல்லை.

சங்குக் குளிப்பு முடிந்து, வியாபாரியின் கணக்கு வழக்குகளையும் தீர்த்துவிட்டு, ஆனியில் உங்கள் அண்ணன் ஒரு மாத லீவில் வந்தார். வந்த அன்றே சொன்னார். "அத்தான், தூத்துக்குடியில கடலப் பாத்தாப்புல ஒரு வீடு பேசிட்டேன். ஆவணியில பால் காய்ச்சிருவோம். இவளும் வந்திருவா. நீங்களும் மாசத்துக்கு ஒருக்க வாங்க."

மாதத்துக்கு ஒரு தடவை. அதை அவர் எனக்குக் கொடுத்தார்.

"நல்லது மாப்ளே" என்றேன். குழல் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். என்னை விட்டுப் போகிற வருத்தம் கொஞ்சமாவது தெரியும் என்று எதிர்பார்த்தேன். அவள் பெட்டியில் எந்தச் சேலைகளை எடுத்து வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

கடலுக்குப் போவதற்குள் நன்றாக முங்கப் பழகிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆழமான தண்ணீர் எங்கே இருக்கிறது என்று உங்கள் அண்ணன் கேட்டார். செண்பகாதேவிக்குப் போகிற வழியில் காட்டுக்குள் விலகிப் போனால் ஒரு கசம் இருக்கிறது. இரண்டு பனை ஆழம் என்பார்கள். சிறிய அருவி ஒன்று அதில் விழுகிறது. நான் எதையும் மறைக்கவில்லை. அருவி விழுகிற பக்கம் பாறைக்கு அடியில் குடைவு இருக்கிறது, தண்ணீர் ஆளை உள்ளே தள்ளி அமுக்கும், தானாக வெளியே வர முடியாது என்று எல்லாமே சொன்னேன்.

"அதுக்குத்தான் கயிறு இருக்கே. நீங்க இருக்கீகளே" என்றார்.

ஆனி மாதம் இருபத்தாறாம் தேதி, காலை பத்து மணி. சாரல் நின்று வெயில் அடித்தது. அவளை இறக்குவதற்கு முன்னால் அடியை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று அவர் இறங்கினார். குழல் கரையில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் பாறையில் காலை ஊன்றிக் கயிற்றைப் பிடித்திருந்தேன். எண்ணினேன்.

நாற்பதில் ஒரு சுண்டல் வந்தது. பிறகு உடனே இரண்டு. பிறகு விடாமல்.

"அண்ணே, கயிறு ஆடுதே" என்றாள் குழல்.

"தண்ணி இழுக்குது தாயி" என்றேன்.

அவள் மறுபடியும் கயிற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு இலையை விரித்தாள். சின்ன வயதிலிருந்து நான் சொன்னதை அவள் நம்பாமல் இருந்ததில்லை.

நான் கயிற்றை விடவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசிவரை கெட்டியாகப் பிடித்திருந்தேன். இழுக்கவில்லை, அவ்வளவுதான். தொண்ணூறுக்குப் பக்கத்தில் ஆட்டம் குறைந்தது. இருநூறு எண்ணி முடித்த பிறகுதான் இழுத்தேன். அப்போது முழுப் பலத்தோடு இழுத்தேன். வலது தோள் பிசகிவிட்டது. குழல் ஓடிவந்து கூடவே இழுத்தாள். கயிறு பாறையில் சிக்கிக்கொண்டது, அவர் வரவில்லை.

தேன் எடுக்கிற பளியன் அய்யாக்குட்டிதான் பிறகு உள்ளே இறங்கி எடுத்தான். விசாரணைக்கு வந்த அதிகாரி என்னிடம் அதிகம் கேட்கவில்லை. அய்யாக்குட்டி தானாகவே சொல்லிவிட்டான். "சாமி, மச்சினன் பிடிச்ச கயிறு. அதுல தப்பு இருக்காது." அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார். என் தோளில் பச்சிலைப் பற்றுக் கட்டியிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் தேற்றினார்கள். நீங்களும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள்.

இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. தங்கை தாலியோடு இருக்க வேண்டும் என்றுதான் எந்த அண்ணனும் விரும்புவான் என்று எடுத்துக்கொண்டார்கள். தங்கை வீட்டோடு இருக்க வேண்டும் என்று விரும்புகிறவனைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது.

அதன் பிறகு ஒன்பது வருடம் குழல் என்னோடு இருந்தாள். ஒரு குறையும் வைக்கவில்லை. அறுபத்தொன்றில், தீவுக்கு ஒரு தடவை போய்விட்டு வருவோமா, நானே எல்லாம் காட்டுகிறேன் என்று கேட்டேன். "அங்கன எனக்கு யாரு இருக்கா?" என்றாள். பழையபடி என்னோடு உட்கார்ந்து பேசுவாள் என்று நினைத்திருந்தேன். பேச்சு குறைந்துவிட்டது. துக்கம் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். ஆனால் நேரத்துக்குச் சாப்பாடு போட்டாள். என் துணிகளைத் துவைத்தாள். நாங்கள் நிம்மதியாக இருந்தோம் என்றே சொல்வேன்.

அவளுக்கு என்மேல் இருந்த பாசத்துக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். எங்கள் வீட்டுப் பின்கட்டில் கிணறு. இந்த ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட அவள் என்னைத் தண்ணீர் இறைக்க விட்டதில்லை. கடைசிக் காய்ச்சலில், நிற்கவே முடியாதபோதும், சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் தானே இறைத்தாள். நான் கயிற்றில் கை வைத்தேன். "நீங்க பிடிக்க வேண்டாம்" என்று என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். என் தோள் வலியை அவள் கடைசிவரை மறக்கவே இல்லை, தாணு.