சம்மதத்தோடு நுழைந்தவன்

என் தங்கைக்குக் காப்பி சூடாக இருந்தால் ஆகாது. நான்தான் ஆற்றிக் கொடுப்பேன். ஆஸ்பத்திரியில் அதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள்?

தொழிலைக் கேட்டீர்கள். கம்பெனிகள் என்னைக் கூப்பிட்டு, தங்கள் கம்ப்யூட்டருக்குள் திருட்டுத்தனமாக நுழைய முடிகிறதா என்று பார்க்கச் சொல்லும். நுழைந்து, ஓட்டை எங்கே என்று எழுதிக் கொடுப்பேன். வாரம் ஒருநாள் கல்லூரியில் வகுப்பும் எடுக்கிறேன். கறுப்புத் தொப்பி ஹேக்கர் கெடுப்பதற்கு நுழைபவன். வெள்ளைத் தொப்பி, சொந்தக்காரர் சம்மதத்தோடு நுழைபவன். கேட்காமல் நுழைந்துவிட்டு, உங்கள் நல்லதுக்குத்தான் என்பவன் சாம்பல் தொப்பி. "சார் எந்தத் தொப்பி?" என்று ஒரு மாணவி கேட்டாள். என் வழுக்கையைத் தடவிக் காட்டினேன். வகுப்பே சிரித்தது.

ஆனால் நான் வெள்ளைதான். தங்கைக்கு மெயில் திறந்து கொடுத்ததே நான். "பாஸ்வேர்டை நீயே வெச்சுக்கோண்ணா, எனக்கு மறந்துடும்" என்றாள். சம்மதம் என்றால் வேறென்ன?

அப்பா அம்மா போனபின் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவள் கட்டட வரைபடம் போடுபவள். ஒரு கோடு பிசகாது. முதன்முதலில் அவளை வேலைக்குக் கூப்பிட்ட ஊர் கடல் தாண்டி இருந்தது. அவளுக்குச் சளி பிடித்தால் ஒரு மாசம் விடாது. அவள் பார்ப்பதற்குள், அவள் பெயரிலேயே, வர இயலாததற்கு மன்னிக்கவும் என்று மரியாதையாகப் பதில் போட்டேன். இரண்டு கடிதங்களையும் அழித்தேன்.

அப்புறம் பதினாறு வேலை அழைப்புகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று சரியில்லை. கடைசி ஆபீஸ் நாலு தெரு தள்ளித்தான். ஆனால் அங்கே சேர்ந்தால் தனியாக வீடு பார்ப்பாள் என்று தோன்றியது. கூடப் படித்த ஒருவன் வேறு விடாமல் எழுதிக்கொண்டிருந்தான். அவனுக்கும் அவளாக நானே எழுதினேன். கொஞ்சம் கடுமையாக எழுதவேண்டியிருந்தது. லேசில் விடுகிற ஆள் இல்லை.

"எனக்கு மட்டும் ஏண்ணா யாருமே பதில் போட மாட்டேங்கிறாங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"விடும்மா, அவங்களுக்குக் கொடுத்து வைக்கலை" என்றேன்.

பிறகு விண்ணப்பம் போடுவதை விட்டாள். ஜன்னலைத் திறப்பதையும் விட்டாள்.

போன வாரம் மனநல ஆலோசகர் ஒருவருக்கு எழுதினாள். தனக்குள் ஏதோ அழுகிப்போயிருக்கிறது, அதனால்தான் யாருக்கும் தான் வேண்டாம், இனி இருக்க இஷ்டமில்லை என்று. அந்த அம்மாள் பத்து நிமிஷத்தில் பதில் போட்டார். நாளைக் காலை பத்து மணிக்கு வாருங்கள், அதுவரை தனியாக இருக்காதீர்கள் என்று, தன் சொந்த நம்பரும் கொடுத்திருந்தார். நல்ல பதில். இரண்டு தடவை படித்தேன். இப்படிப்பட்டவர்கள் முதலில் கேட்பது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றுதான். இப்போது பரவாயில்லை, நன்றி என்று அவள் பெயரில் அனுப்பிவிட்டு அழித்தேன்.

சாயங்காலத்துக்குள் எட்டுத் தடவை மெயிலைத் திறந்து பார்த்தாள். என் திரையில் தெரிந்தது.

மறுநாள் பதினொரு மணிக்குக் குளியலறைக் கதவை உடைத்தேன். உடைத்ததால்தான் பிழைத்தாள், டாக்டரே சொன்னார். அதை நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளவில்லை.

அந்த டாக்டரிடம்தான், ஆலோசகர்கூடப் பதில் போடவில்லை என்று சொல்லியிருக்கிறாள். அவர் ஆலோசகருக்கு போன் போட்டிருக்கிறார். மீதி உங்களுக்குத் தெரியும்.

ஆமாம், அத்தனையும் நான்தான். மறுக்கவில்லை. என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று அவள் சொன்னதாகச் சொல்கிறீர்களே, அதை மட்டும் என்னால் நம்பமுடியவில்லை. பதினொரு வருஷமாக அவள் எழுதியதில் ஒன்று விடாமல் படித்திருக்கிறேன். என்னைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை இல்லை.