டிரையாண்ட்ராவுக்குத் தனி மேசை

— சத்தியமா சொல்றேன் கிளெனிஸ், நேத்து என் வீட்டு அடுப்பு ஒரு தாவரப் பேரினத்தையே முழுங்கி ஏப்பம் விட்டுடுச்சு!

— அளக்காத எர்ன். விடிஞ்சா மலர்க் கண்காட்சி, மண்டபத்துல பாதி மேசை காலியாக் கிடக்கு. அந்த ஜாடியைப் பிடி.

— இந்த டிரையாண்ட்ராச் செடிக்கு இன்னுமா தனி மேசை? அதைப் பேங்க்சியா இனத்தோட சேத்தாச்சுன்னு தாவரவியல்காரங்க சொல்லி எத்தனை வருஷமாச்சு!

— சொன்னா ஆச்சா? பேங்க்சியா பூ மெழுகுவத்தி மாதிரி நட்டுக்க நிக்கும். டிரையாண்ட்ரா கிண்ணம் மாதிரி, சுத்திச் செதில். என் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?

— பூவைப் பாத்துத்தான் எல்லாரும் ஏமாந்தோம். மரபணுவை வச்சு வம்சம் பாத்திருக்காங்க. டிரையாண்ட்ரா பக்கத்து வீடே இல்லியாம். பேங்க்சியா வீட்டுக்குள்ளயே ஒரு ரூமாம். அதைத் தனின்னு வச்சா பேங்க்சியாவையும் துண்டு துண்டா உடைக்கணும்.

— உடைக்கட்டுமே! இது என் வீட்டுக்காரர் லெஸ் தொடங்கின மேசை. கண்ணை மூடறதுக்கு முந்தின வருஷம்கூட சக்கர நாற்காலியில வந்து அவரேதான் அடுக்கினார். பலகையில அவர் பேர் இருக்கு. எடுக்க விடமாட்டேன்.

— அதனாலதான் கமிட்டி உன் இஷ்டத்துக்கே விட்டிருக்கு. சரி, கேளு. சூடு பட்டாத்தானே விதைக்கூடு வாய் திறக்கும், ரெண்டு செடியோடதையும் அடுப்புல வச்சுச் சுட்டேன். பீரங்கி மாதிரி வெடிச்சுது! தெருவே கூடிருச்சு, தீயணைப்பு வண்டி ரெண்டு...

— வண்டியாம் வண்டி! ஆட்டுத் தொடை வாட்டற அடுப்புல இதைச் சுட்டா உன் பொண்டாட்டி சும்மாவா விட்டா?

— ஒரு வாரத்துக்கு எனக்கு ரொட்டியும் அதுல தடவிக்க வெஜிமைட்டும்தான். இந்தா தட்டு. ரெக்கை வச்ச விதை ரெண்டு, நடுவுல மரத்தகடு ஒண்ணு. எந்தக் கூட்டைத் திறந்தாலும் இதேதான். எது பேங்க்சியா, எது டிரையாண்ட்ரா, பிரிச்சுக் காட்டு. காட்டிட்டா மேசையைப் பத்தி இனி வாயே திறக்கல.

— அந்த முனையைப் பிடி.

— எந்த முனை?

— மேசை முனையைத்தான். பேங்க்சியா வரிசையோட ஒட்டிப் போட்டுடலாம்.

— என்னது! தட்டைத் தொடக்கூட இல்ல, அதுக்குள்ள நான் சொன்னதை நம்பிட்டியா?

— விதை விஷயத்துல நீ சொன்னது நிஜம்தானே எர்ன். போன வாரம் நானும் சுட்டேன். சாயங்காலம் வரைக்கும் உக்காந்து பாத்தேன், என்னால பிரிக்க முடியல.