ஊதிய டயோடு

ஐயா, அம்மா, மஞ்சக்குட்டைப் பேருந்தில் என் முன்னிருக்கையில் கேட்டதை உள்ளவாறே எழுதுகிறேன். ஒருவர் மடியில், கேட்கவும் திருப்பிப் பேசவும் உதவும் ஹாம் ரேடியோ இருந்தது. கூடுதல் அலைவரிசைகளைக் கேட்பதற்காக அதனுள் டயோடு என்னும் சிறு மின்பாகம் ஒன்றை வெட்டியிருக்கிறார். மறுநாள் சைக்கிள் பந்தயத்தில், செல்போன் எடுக்காத வளைவில் நின்று, விபத்து நடந்தால் அந்த ரேடியோவில் அறிவிப்பது அவர் பொறுப்பு. அருகிலிருந்த நண்பரிடம் அவர் சொன்னார்:

“ஏரோப்ளேன்ல பேசறதுகூட நொம்பத் தெளிவா கேக்குதுங்க.”

“நீங்க பேசுனா?”

“அதுதான் போக மாட்டேங்குதுங்க.”

“ஏனுங்க, எவனாச்சும் சைக்கிளோட உருண்டா ஏரோப்ளேனா வந்து தூக்கும்? வெட்டுன டயோடைக் குடுங்க, சால்டர் வெச்சுத் தர்றேன்.”

“கடுகாட்டம் இருந்துச்சுங்க. தூசின்னு ஊதிட்டேனுங்க.”

“அப்ப வளைவுல என்ற செட்டோட நானே நிக்கறேன். நீங்க ஊட்ல உக்காந்து கேளுங்க. அதுக்குத்தானே அறுத்தீங்க.”

ரேடியோக்காரர் மடியிலிருந்த பெட்டியைத் துண்டால் மூடிக்கொண்டார்.

இக்குறிப்பைத் தங்கள் காப்பகத்தில் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.