மாயக்காளின் சங்கும் இரண்டாவது கம்பியும்

மழையை மடியில் கட்டிக்கொண்டு மௌனமாய் நிற்கும் இந்த மாலைப் பொழுதில், இம்மேடைக்குத் தலைமை தாங்கும் ஓடைக்கரைப்பட்டி விவசாயிகள் சங்கத் தலைவர், மதிப்பிற்குரிய அண்ணன் பேயாண்டி அவர்களே! மண்ணோடு மல்லுக்கட்டி, மடைநீரோடு மன்றாடி, முன்வரிசையில் முழங்கால் வலியோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் பிழைப்பைத் தலையிலும் சுமந்து வந்து நிற்கும் தாய்மார்களே! விளாங்குடியிலிருந்தும் பக்கத்துப் பட்டிகளிலிருந்தும் வந்திருக்கும் விருந்தினர்களே! கரண்டு வேலையில் கைதேர்ந்த முத்திருளன் அண்ணே! பந்தலுக்கு வெளியே, மேடையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி நிற்கும் தங்கை திவ்யா! திருநகரில் ஒரு சின்னப் பட்டறை போட்டு, மின்சுற்றுப் பலகை செய்து பிழைக்கும் சுபலட்சுமி நான், உங்கள் எல்லோரையும் கும்பிடுகிறேன்.

கைதட்ட வேண்டாம். தட்டுகிற நிலையில் இந்த ஊர் இல்லை, தாங்குகிற நிலையில் நானும் இல்லை. ஊர் எல்லையில் வைத்திருக்கும் ஃபிளெக்ஸைப் பார்த்தேன். ‘அறிவியல் அரசியே வருக’ என்று என் படத்தை ஆளுயரத்துக்கு அடித்திருக்கிறீர்கள். யாருடைய நினைவாக இந்த விழாவோ, அந்த மாயக்காளின் படம் அதில் தீப்பெட்டி அளவுக்கு இருக்கிறது. ஆதார் அட்டையிலிருந்து எடுத்த படம். கேமராவைப் பார்த்து மிரண்ட கண்ணோடு அந்த அம்மா அங்கே நிற்கிறார். எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் கோபத்தோடுதான் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஐப்பசியில் உங்கள் கண்மாய் உடைந்தது. கீழத்தெரு முழுகியது. வீடு போனவர்கள் உண்டு, ஆடு மாடு போனவர்கள் உண்டு. உயிர் போனது ஒருவருக்குத்தான். அவர் இந்தத் திவ்யாவைப் பெற்ற மாயக்காள். இன்று அவர் பெயரில் அபாயச் சங்கைத் திரும்பவும் திறக்கிறோம். திறப்பதற்கு முன், அதன் வாய் ஏன் மூடியது என்று கேட்க வேண்டாமா? வெள்ளம் வந்தது என்கிறோம். விதி வந்தது என்கிறோம். வினை எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டோம்?

நான் செய்து கொடுத்தது எளிய ஏற்பாடு. கண்மாய் மடைச்சுவரில் தண்ணீர் மட்டம் பார்க்கும் ஒரு சென்சார். கீழத்தெரு முனைக் கம்பத்தில் ஒரு சங்கு. இரண்டுக்கும் நடுவே, வயல்களைத் தாண்டி ஓடும் இரண்டு கம்பிகள். தண்ணீர் அளவுக்கு மேல் ஏறினால் சங்கு ஊத வேண்டும். வரும் செய்தி சிதைந்து வந்தாலும் ஊத வேண்டும். சந்தேகம் வந்தால் சத்தம் போடு என்றுதான் அந்தப் பலகைக்குள் எழுதிவைத்தேன். தண்ணீர் இல்லாமல் ஊதினால் கம்பியில் கோளாறு என்று பொருள், என்னைக் கூப்பிடுங்கள் என்றும் உங்களிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

எதற்கு இரண்டு கம்பி? இதைத்தான் இந்த ஊர் கேட்டது. ஒரு செய்தியை ஒரு கம்பியில் அனுப்பினால் போதாதா? போதாது, தோழர்களே! வயல்வெளியில் போகிற கம்பி சும்மா போகுமா? மோட்டார் ஓடும், இடி இடிக்கும், உயரழுத்தக் கம்பி தலைக்கு மேல் உறுமும். அத்தனை இரைச்சலும் அந்தக் கம்பிக்குள் இறங்கும். அனுப்பியது எது, வழியில் ஒட்டிக்கொண்டது எது என்று பிரிக்க முடியாது. அதனால் ஒரே செய்தியை இரண்டு கம்பியிலும் எதிரெதிராக அனுப்புகிறோம். ஒன்றில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் இறங்கும். மறுமுனையில் இருக்கும் சில்லு ஒரு கம்பியையும் தனியாக நம்பாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கும்.

என்ன தம்பி? “புரியுற மாதிரிச் சொல்லுங்கக்கா” என்கிறாயா? நியாயம்தான். டவுன் பஸ்ஸில் போயிருக்கிறாய் அல்லவா? நெட்டையான ஒருவரும் குட்டையான ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். பஸ் பள்ளத்தில் விழுந்து எழும்புகிறது. இரண்டு தலையும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். ஆனால் இருவருக்கும் உள்ள உயர வித்தியாசம் மாறுமா? ரோடு எம்புட்டு மோசமாக இருந்தாலும் மாறாது! அந்த வித்தியாசம்தான் செய்தி. பஸ் போடும் ஆட்டம்தான் இரைச்சல். கழித்துப் பார்த்தால் ஆட்டம் காணாமல் போகும், செய்தி மிஞ்சும். ஆனால் இருவரும் ஒரே பஸ்ஸில், ஒட்டி நிற்க வேண்டும். அதற்குத்தான் இரண்டு கம்பியையும் ஜடை போல முறுக்கி அனுப்புகிறோம். ஒன்றின் மேல் படுவது மற்றதன் மேலும் அதே அளவு பட வேண்டும். துன்பம் இருவருக்கும் சமமாக வந்தால்தான், தோழர்களே, அதைக் கழித்துத் தள்ள முடியும்.

சிரிக்கிறீர்கள். இதோடு சிரிப்பு முடிந்தது.

பங்குனிப் பொங்கல் வந்தது. கண்மாய்க்கரைக் கோயிலில் குழாய் ரேடியோ கட்டிப் பாட்டுப் போட வேண்டும், அதுவரை இழுக்க ஒயர் இல்லை. எல்லோர் கண்ணும் என் கம்பி மேல் போனது. அப்போது அங்கே என்ன பேச்சு நடந்தது என்று முத்திருளன் அண்ணனே என்னிடம் மறைக்காமல் சொன்னார். யாரோ கேட்டிருக்கிறார்கள், “ஏண்ணே, அதுல ஒண்ண எடுத்தா சங்கு வேல செய்யுமா?”

“அட போ மாப்ள, ரெண்டுலயும் ஒரே சேதிதான் போகுது. ஒண்ணு தெண்டமாக் கெடக்கு. எர்த்த அடிச்சுவிட்டா மிச்சத்த மண்ணு பாத்துக்கிரும். நம்ம மோட்டார் ரூம்புல பல்பு அப்படித்தான எரியுது?”

முத்திருளன் அண்ணே, தலையைக் குனியாதீர்கள். உங்களைக் குற்றக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. மும்முனை மின்சாரத்தில் இரண்டு முனைதான் வருகிற நாளில், கண்டன்சர் போட்டு மோட்டாரை ஓட்டி, கருகிய நெல்லைக் காப்பாற்றிய கை உங்கள் கை. ஒரு கம்பியைப் பிடித்து, இன்னொன்றுக்கு மண்ணில் முளையை அடித்து, வெளிச்சம் கொண்டுவந்த ஊர் இந்த ஊர். பல்புக்குச் சரியாக வந்த பழக்கம், செய்திக்குச் சரியாக வரவில்லை. ஏனென்றால் மண் என்பது எல்லா இடத்திலும் ஒரே மட்டம் இல்லை. கிணற்றடியில் மோட்டார் ஓடினால் அங்கே மண்ணிலேயே மின்னழுத்தம் ஏறும், தெருமுனை மண்ணில் ஏறாது. நெட்டையர் பஸ்ஸில் போகிறார், குட்டையரைத் தரையில் இறக்கிவிட்டாயிற்று. இனி என்ன வித்தியாசத்தைப் பார்ப்பது?

ஒரு கம்பியை உருவிய பிறகு, மோட்டார் ஓடாத பொழுதெல்லாம் சங்கு சும்மா இருந்தது. சரியாகிவிட்டது என்றீர்கள். திருவிழா முடிந்தும் கம்பியைத் திருப்பிக் கட்டவில்லை. பிறகு நடவு வந்தது, மோட்டார்கள் ஓடின, சங்கு அலறத் தொடங்கியது. காதுகுத்தில் அலறியது. கல்யாணப் பந்தியில் அலறியது. வறண்ட கண்மாயைப் பார்த்து அலறியது. “என் துணையைப் பிரித்துவிட்டீர்கள், என் கம்பியைப் பாருங்கள்” என்று அது கதறிய கதறல் அது! கேட்டவர் யார்? கூப்பிட்டவர் யார்? ‘திருநகர்க்காரி தகரத்தக் கட்டிவிட்டுட்டுப் போயிட்டா’ என்று ஏசியவர்கள்தான் உண்டு.

ஒருவர் மட்டும் ஏசவில்லை. சங்கு ஊதிய ஒவ்வொரு தடவையும் மாயக்காள் அடுப்பை அணைத்தார், ஆட்டை அவிழ்த்தார், பள்ளிக்கூட மேட்டில் போய் உட்கார்ந்தார். டீக்கடையே சிரித்தது. “மாயக்கா, தண்ணி எங்கக்கா? ஒன் ஆட்டுக்குக் குடிக்கக்கூட இல்லயே!”

அவர் என்ன சொன்னார் தெரியுமா? “ஊதுனா ஏறணும்னு சொல்லிருக்காகள்ல. ஏறுறேன். தண்ணி வராட்டி எறங்கிப் போறேன். ஒங்களுக்கென்ன நட்டம்?”

நான் சொன்னதை இந்த ஊரில் முழுசாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

ஒருநாள் பொறுமை தீர்ந்து, சங்கின் பீஸ்கட்டையைப் பிடுங்கினீர்கள். கீழத்தெருவில் சொன்னீர்களா என்று பிறகு கேட்டேன். “வாட்ஸப்புல போட்டோம்மா, எல்லாத்துக்கும் தெரியும்” என்றார்கள். எல்லாத்துக்கும்! மாயக்காளிடம் போன் கிடையாது. மகள் கே.கே. நகர் கிளினிக்கில் வேலை பார்க்கிறாள், வாரக் கடைசியில்தான் வருவாள். சங்கு சத்தம் நின்றுவிட்டதை அந்த அம்மா எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்? ஆபத்து இல்லை, அதனால் ஊதவில்லை என்றுதானே?

அடைமழை பெய்த அந்தச் சாயங்காலம், வாசல்படியில் தண்ணீர் ஏறியதைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு அஜ்மல் பீவி அம்மா கதவைத் தட்டியிருக்கிறார். “மாயக்கா, தண்ணி வருது, வாங்க போயிருவோம்!”

“மழத்தண்ணிதான். சங்கு ஊதலயே. ஊதுனா நான் வந்துருவேன்ல. நீ பிள்ளைகளக் கூட்டிட்டுப் போ, ஆட்டுக்குத் தழயப் போட்டுட்டு வாரேன்.”

அவர் வரவில்லை. கரை உடைந்தது.

ஊரே நம்பாதபோது நம்பிய ஒருத்தி அவர். நம்பாதவர்கள் கண்ணால் தண்ணீரைப் பார்த்து ஓடிப் பிழைத்தார்கள். நம்பியவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்து செத்தார். சங்கை நிறுத்தினீர்களே, அதைக்கூட நான் மன்னிப்பேன். நிறுத்திவிட்டோம் என்று ஒரு வாசலில் போய் ஒரு வார்த்தை சொல்ல, இத்தனை பெரிய ஊரில் ஒரு வாய் இல்லாமல் போனதே!

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘அமங்கலமாகப் பேச வேண்டாம். ராகு காலம் வருவதற்குள் பொத்தானை அமுக்கவும்.’ நன்றி அண்ணே, அமுக்குவதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இதோ என் கைக்கு எட்டும் தூரத்தில், சந்தனம் பூசி, பூச்சுற்றி, பொத்தானை வைத்திருக்கிறீர்கள். நான் மேடை ஏறும் முன், என் பட்டறையில் வேலை செய்யும் ஃபாயிஸா போனில் கூப்பிட்டாள். காலையிலிருந்து மடையடியில் நிற்கிற பெண். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “அக்கா, புதுக் கம்பி மடைவரைக்கும் வந்து சேரல. பாதி வயல்லயே சுருள் தீந்துபோச்சு, மிச்சம் வர வெள்ளிக்கிழம ஆகுமாம். விழாவுக்குச் சத்தம் வேணும்னு சங்க மட்டும் பேட்டரில மாட்டச் சொன்னாங்க, வேற ஆளு மாட்டிட்டாரு. நீங்க அமுக்குனா ஊதும். ஆனா தண்ணி வந்தா ஊதாதுக்கா.”

கேட்டீர்களா? அமுக்கினால் ஊதும், தண்ணீர் வந்தால் ஊதாது!

என்ன தலைவரே? “ஒரு தடவ ஊதிட்டுப் போனா என்னம்மா, ஆளுக வந்திருக்காகல்ல” என்கிறீர்களா? அண்ணே, இப்போது இந்தச் சங்கு ஊதினால் என்ன ஆகும்? பந்தலில் கைதட்டுவார்கள், படம் பிடிப்பார்கள். கீழத்தெருவில் இன்னமும் போன் இல்லாத ஒரு வீட்டில், ஒரு தாய் அடுப்படியில் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்பாள். ‘அப்பாடா, சங்கு வந்துருச்சு’ என்பாள். நிம்மதியாகத் தூங்குவாள். அந்த நிம்மதியை அவளுக்குக் கொடுக்க எனக்கு என்ன உரிமை? உங்களுக்கு என்ன உரிமை? மேலே பாருங்கள், மேற்கே எப்படிக் கறுத்துக்கொண்டு வருகிறது என்று!

நான் அமுக்க மாட்டேன். வேறு யாரும் அமுக்கவும் கூடாது. முத்திருளன் அண்ணே, அந்தப் பேட்டரியைக் கழற்றுங்கள். ஆமாம், இப்போதே. நன்றி அண்ணே.

இந்த ஒலிபெருக்கி கீழத்தெருவரை கேட்கும் என்று நினைக்கிறேன். கீழத்தெரு மக்களே, கேளுங்கள்! சங்கு இன்று வேலை செய்யவில்லை. நாளையும் வேலை செய்யாது. வெள்ளிக்கிழமை நானே வந்து, இரண்டு கம்பியையும் கட்டி, மடையில் தண்ணீரை ஊற்றி ஊதவைத்துக் காட்டும்வரை அது வெறும் தகரம். மழை வலுத்தால் அதற்காகக் காத்திருக்காதீர்கள், பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறிவிடுங்கள். தண்ணீர் வராவிட்டால் இறங்கிப் போங்கள், அதில் ஒருவருக்கும் நட்டமில்லை.

சால்வை வேண்டாம், தலைவரே. கோபத்தைப் பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், எழுந்து போகாமல் இருந்த பெரியோர்களுக்கும் நன்றி. நான் மேடையிலிருந்து இறங்கி நேராகக் கீழத்தெருவுக்குப் போகிறேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லப் போகிறேன். திவ்யா, உனக்குத் தெம்பு இருந்தால் வா, இல்லாவிட்டால் வேண்டாம். வர முடியாதவர்கள், போகிற வழியில் கண்ணில் படுகிறவரிடமெல்லாம் நின்று சொல்லிவிட்டுப் போங்கள்: சங்கு ஊதாது.

வணக்கம்.